சொட்டு அண்ணன் அறுத்தெடுத்த ஒன்பது அடிக் குழாய்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர்களே, நான் பெறாமல் திட்டித் திட்டியே வளர்த்த செவிலியர் தங்கைகளே, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் சுவரோரம் நிற்கும் குழாய்ப் பணியாளர்களே, துப்புரவுப் பணியாளர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மறைந்தவருடைய துணைவியாரே, மகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். புகழ்ந்து பேசுவதற்காக நான்கு பக்கம் எழுதிக்கொண்டும் வந்தேன். வாசலில் வைத்திருக்கும் அவருடைய படத்தைப் பார்த்ததும் அந்த நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். உண்மையை விட்டுவிட்டுப் புகழ்ந்தால் அந்த மனிதருக்குப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகுனிவு. பரவாயில்லை! ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆனவளின் தலை கொஞ்சம் குனிந்தால் யாருக்கு என்ன நட்டம்?

நம்மை விட்டுப் போயிருப்பவர் மருத்துவர் அல்லர். செவிலியர் அல்லர். இருபத்திரண்டு வருடம் இந்தக் கட்டடத்தின் குழாய்களைப் பார்த்துக்கொண்ட பிளம்பர். பதவிப் பெயர் கேட்டால், ஒப்பந்த ஊழியர். பிள்ளைகள் வைத்த பெயர் சொட்டு மாமா. எங்களுக்குச் சொட்டு அண்ணன். ஏன் அந்தப் பெயர்? எங்கேயாவது ஒரு குழாய் சொட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் இதே மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். பாதியில் இவர் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்தவர் அமைதியாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க சார். பின்னாடி பாத்ரூம்ல சொட்டுச்சு. நீங்க பேசுறது காதுல விழல."

நான் அவரைவிட ஆறு வயது மூத்தவள். ஊரே அண்ணன் என்றதால் நானும் அண்ணன் என்றேன். "சிஸ்டர், நீங்க அண்ணேன்னு கூப்பிடுற அன்னிக்கெல்லாம் எனக்கு முட்டி வலிக்குது" என்பார்.

சிரித்தீர்களா? நல்லது. இனிச் சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் அந்த வார்டின் தலைமைச் செவிலியர். இருபத்திரண்டு கட்டிலில் முப்பது பிள்ளைகள் கிடந்தார்கள். கை கழுவ இரண்டே இரண்டு பேசின். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து, பிள்ளையின் உடம்பில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடித்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து நாள் அந்த உடம்பு கதவில்லாத வீடு. உங்களையும் என்னையும் ஒன்றும் செய்யாத கிருமி அந்தப் பிள்ளையை ஒரே பகலில் கொண்டுபோய்விடும். எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்! கட்டி கரைந்திருக்கும், ரத்தத்தில் நோய் குறைந்திருக்கும், தாய் முகத்தில் சிரிப்பு வந்திருக்கும். அப்போது ஒரு காய்ச்சல் வரும். புற்றுநோயிடம் தோற்காத பிள்ளை காய்ச்சலிடம் தோற்கும். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் இதைப் பார்க்காத செவிலியர் உண்டா?

அதனால்தான் எங்கள் வார்டில் ஒரு சட்டம். காய்ச்சல் என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்துக்குள் போயாக வேண்டும். அந்தச் சட்டத்தை நாங்கள் மீறவில்லை. ஆனாலும் அந்த வருடம், பன்னிரண்டு நாளில் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து பேரும் ஒரே பக்கத்துக் கட்டில்கள். ஐந்து பேரின் ரத்தத்திலும் ஒரே கிருமி. இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

அந்த வார்டு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? தாய்மார்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் கையை எடுப்பதும், மறுபடியும் தொடுவதும். வெப்பமானியை எடுத்துக்கொண்டு நான் நடந்தால் முப்பது தாய்மார்களின் கண்ணும் என் கூடவே நடக்கும். கிருமிகளைப் பரிசோதிக்கும் ஆய்வகத்து அம்மா தொட்டித் தண்ணீரைச் சோதித்தார். சுத்தம். குழாய்த் தண்ணீரைச் சோதித்தார். அதுவும் சுத்தம். அப்படியென்றால் மிச்சம் இருப்பது எது? எங்கள் கைகள்தானே!

அந்தப் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளம் செவிலி. பன்னிரண்டாம் நாள் காலை, எல்லாத் தாய்மார்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவளை நான் நடு வார்டில் நிறுத்தினேன்.

"கையை நீட்டு" என்றேன்.

நீட்டினாள். கழுவிக் கழுவித் தோல் வெடித்திருந்த கைகள். அதைப் பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

"இந்தக் கையாலதான் ரெண்டு பிள்ளை போச்சு. ஒழுங்கா கழுவினியா, இல்ல நனைச்சுட்டு வந்தியா?"

அவள் அழவில்லை. திரும்பிப் போய், கடைசிச் சுவரோரம் இருந்த பேசினில் மறுபடியும் கை கழுவினாள். அந்தப் பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார் சொட்டு அண்ணன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

வெளியே வந்து, "சிஸ்டர், ஒரு வார்த்தை" என்றார்.

"இப்ப வேணாம்ணே. நீங்க உங்க வேலையப் பாருங்க."

என் வேலை அதுதானே என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நேரே ஆய்வகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை ஆய்வகத்து அம்மா பிறகு எனக்குச் சொன்னார்.

"தண்ணிய எப்படிம்மா புடிச்சீங்க?"

"குழாயத் திறந்து ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுப் புடிச்சோம். அதுதான முறை?"

"ஓடவிட்டா தொட்டித் தண்ணிதான வரும்? அது நல்லாத்தான் இருக்கும். அந்தக் கடைசி பேசின்ல, காலைல யாரும் தொடுறதுக்கு முன்னாடி, மொத தண்ணியப் புடிங்கம்மா. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. தப்பா இருந்தா நல்லது."

தப்பா இருந்தா நல்லது! தன் சந்தேகம் பொய்த்துப் போக வேண்டும் என்று அந்த மனிதர் ஏன் ஆசைப்பட்டார்? எங்களுக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலை முதல் தண்ணீரைப் பிடித்தார்கள். அதற்கடுத்த இரண்டாம் நாள், ஆய்வகத் தட்டில் பச்சை படர்ந்து நின்றது. அந்த ஐந்து பிள்ளைகளின் ரத்தத்தில் வளர்ந்த அதே கிருமி. யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு ஈரத்துணி போட, தாய்மார்கள் அந்தப் பேசினில்தான் துணி நனைத்தார்கள். அந்தப் பக்கத்துக் கட்டில்களுக்குப் போகும்முன் அந்தப் பேசினில்தான் நாங்கள் கை கழுவினோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கழுவியவள் அந்த இளம் செவிலி. அவளுடைய அக்கறையையே நான் குற்றமாக்கியிருந்தேன்.

அதே நாள் காலை ஆறாவது பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. ஏழு வயதுப் பெண். நாங்கள் வைத்த பெயர் வாயாடி. ரத்தப் புற்றுநோய், மூன்றாவது மாதச் சிகிச்சை, நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவள். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போட்டுவிட்டோம். அப்படியும் கை கால் சில்லிட ஆரம்பித்தது.

காலை பத்து மணிக்கு அன்றைய கண்காணிப்பாளரின் அறையில் கூட்டம். எங்கள் பிரிவின் பெரிய மருத்துவர், ஆய்வகத்து அம்மா, நான். கதவோரமாகச் சொட்டு அண்ணன்.

"தொட்டியக் கழுவி மருந்து போடுங்க. முடிஞ்சுது" என்றார் கண்காணிப்பாளர்.

"தொட்டி சுத்தமா இருக்கு சார். கோளாறு சுவத்துக்குள்ள" என்றார் சொட்டு அண்ணன். "வார்டுக்குப் பின்னாடி ஒரு பாத்ரூம் இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி அதை ஸ்டோர் ரூம் ஆக்கினோம். அதுக்குப் போற குழாய மெயின்லயே வெட்டியிருக்கணும். வெட்டல. நுனியில மூடி போட்டு, மேல பூசிட்டாங்க. ஒன்பது அடி சார். நாலு வருஷமா அதுல தண்ணி நிக்குது. நின்ன தண்ணி கெட்டுப்போய், பக்கத்துல பேசினுக்கு ஓடுற தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கலக்குது."

"யாருய்யா அந்த மூடியப் போட்டது?"

நான்கு வருடத்துக்கு முந்திய ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். பழைய காகிதம் எதுவும் இல்லை. "யாரோ பழைய ஆளு சார்" என்று சொல்லியிருந்தால் யார் வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்கள்?

"நான்தான் சார்" என்றார். "சீக்கிரம் முடிக்கச் சொன்னாங்க. ஆனா போட்டது என் கை."

அவை நிறைந்த பெரியோர்களே! இந்தக் கட்டடத்தில் எத்தனையோ பட்டங்கள் சுவரில் தொங்குகின்றன. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் துணிவு எத்தனை பட்டதாரிகளுக்கு உண்டு? எனக்கு இருந்ததா? அந்த அறையிலேயே நான் வாயைத் திறந்து, "அந்தப் பெண்மீது நான் வீணாகப் பழி சொல்லிவிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

குழாயை உடனே எடுத்தாக வேண்டும். ஆனால் பெரிய மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சுவத்த உடைச்சா தூசி. அந்தத் தூசியில பூஞ்சை இருக்கும். அது நெஞ்சுக்குள்ள போனா இந்தப் பிள்ளைங்க தாங்க மாட்டாங்க. வேற இடத்துக்கு மாத்தணும். எங்க இருக்கு இடம்?" வாயாடிக்கோ ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கட்டிலைவிட்டு நகர்த்த முடியாது. அவள் கட்டில் இருந்ததோ அதே சுவரோரம்.

"வெளியிலேர்ந்து உடைக்கிறேன் சார்" என்றார் சொட்டு அண்ணன்.

வார்டு இரண்டாம் மாடி. வெளிப்பக்கம் நிற்கக் கையகலம் இடம் கிடையாது. மொட்டைமாடித் தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் இறங்கினார். உள்ளே நாங்கள் ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்து, அந்தச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினோம். வார்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அப்பாமார்கள் படியேறிச் சுமந்து வந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம். இந்தப் பக்கம் வாயாடியின் மணிக்கட்டில் என் விரல். நாடி நூல்போல ஓடியது. பெரிய மருத்துவர் சலைனை வேகமாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஆய்வகத்திலிருந்து தொலைபேசி: "தண்ணில வளந்த கிருமியச் சோதிச்சோம். நீங்க போடுற மருந்துக்கு அது இப்ப அடங்கல. வேற மருந்துக்குத்தான் கேக்குது." அந்த வேறு மருந்து எங்கள் மருந்தகத்தில் இல்லை. பக்கத்து மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் பறந்தது. போக வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தை நான் என் ஆயுளில் மறக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் வாயாடி கண்ணைத் திறந்தாள்.

"சிஸ்டர்... சுவத்துக்குள்ள யாரு?"

"சொட்டு மாமாடா."

"மெதுவா தட்டச் சொல்லுங்க. தலை வலிக்குது."

ஓர் அப்பாவை ஓடவிட்டுக் கீழே நின்றவர்களுக்குத் தகவல் சொன்னேன். அவர்கள் அண்ணாந்து கத்தியிருக்கிறார்கள். உளிச் சத்தம் சட்டென்று நின்றது. அதன்பிறகு அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, காரையைக் கையால் சுரண்டி, இரும்பறுக்கும் வாளைத் துணி சுற்றிப் பிடித்து மெல்ல மெல்ல அறுத்தார். ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆனது. கயிறு இறுக்கி இடுப்புத் தோல் உரிந்துவிட்டது. இருபத்திரண்டு கட்டிலும் அந்தச் சன்னமான அறுப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. மருந்து வந்தது, ஏற்றினோம். மாலை நான்கு மணிக்குக் குழாய் வெளியே வந்தது.

கீழே கொண்டுபோய் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே கருஞ்சளி போல ஒரு படலம். விரலை வைத்தால் வழுக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார். கயிற்றில் தொங்கும்போது கலங்காதவர்!

வாயாடி பிழைத்தாளா என்று கேட்கிறீர்கள். மூன்று நாள் இழுபறியாகக் கிடந்தாள். நான்காம் நாள் காலை, "பசிக்குது, யாருமே கேக்க மாட்டீங்களா?" என்று சண்டை போட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்று அவளுக்குப் பரீட்சை. காலையில் தொலைபேசியில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "சிஸ்டர், மைக் கிடைச்சா விட மாட்டீங்க, பாத்துப் பேசுங்க" என்றும் சொன்னாள்.

அந்தக் கிருமி எங்கள் வார்டுக்குத் திரும்பி வரவில்லை. வேறு கிருமிகள் வந்தன, வேறு பிள்ளைகளை இழந்தோம், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கிருமி வரவில்லை.

உண்மையைச் சொன்ன சொட்டு அண்ணனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மறுவாரமே, "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவரைத் திரும்ப எடுக்கும்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது. பதினான்கு செவிலியர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுதியது, நான் நடு வார்டில் நிறுத்தி அவமானப்படுத்திய அந்த இளம் செவிலி. கையெழுத்துப் போடாமல் இருந்த ஒரே ஆள், தலைமைச் செவிலியரான நான். ஓய்வுபெற ஐந்து வருடம் இருக்கிறது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். இதைத்தான் பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வேலை இல்லாத அந்த ஐந்து மாதத்தில் அவர் என்ன செய்தார்? இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் வீடுகளையும் தேடிப் போனார். ஒரு பிள்ளையின் தந்தை, லாரி ஓட்டுநர், இன்று இந்த அரங்கில் இருக்கிறார். என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடைய வார்த்தையிலேயே சொல்கிறேன்:

"வாசல்ல நின்னு, மூடி போட்டது நான்தான்னாரு. அடிக்கக் கைய ஓங்கிட்டேன். என் வீட்டுக்காரி புடிச்சுக்கிட்டா. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. இனிமே வேற பிள்ளைக்கு இது வருமான்னு. வராதும்மா, அறுத்து எடுத்துட்டேன்னாரு. கதவச் சாத்திட்டோம். மன்னிச்சிட்டோம்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனா எங்க வீடு தேடி வந்து உண்மையச் சொன்னது அந்த ஒரு ஆளுதான்."

ஐயா, நீங்கள் வந்ததற்கு நான் தலை வணங்குகிறேன்.

பெரிய மருத்துவர் பிடிவாதம் பிடித்ததால் ஐந்து மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். வந்த அன்றே கட்டடம் முழுக்கச் சுற்றி, எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று பென்சிலால் வரைந்தார். இன்னும் மூன்று இடத்தில் அதேபோல மூடிய குழாய்களைக் கண்டுபிடித்து வெட்டினார். அன்றுமுதல் தினமும் காலை ஆறு மணிக்கு வார்டின் எல்லாக் குழாய்களையும் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் மற்றவர்களைத் தொட விடுவார். பன்னிரண்டு நாளுக்கு முன் அவர் இதயம் வீட்டில் நின்றுபோன அந்தக் காலையிலும், ஆறு மணிக்கு இங்கே வந்து குழாய்களைத் திறந்து மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறேன். சற்று முன் எனக்கு மைக்கைக் கொடுத்த இன்றைய தலைமைச் செவிலியர்தான் அந்த இளம் செவிலி. அம்மா, உன்னிடம் நான் முன்பே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு, தனியறையில். பழி சொன்னது ஊர் பார்க்க, மன்னிப்பு மட்டும் கதவுக்குள்ளேயா? இத்தனை பேர் கேட்கச் சொல்கிறேன். உன் கைகள் சுத்தமாக இருந்தன. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

கண்காணிப்பாளர் அவர்களே! சொட்டு அண்ணனுக்குப் படம் திறப்பது நல்ல காரியம். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. நாளைக்கு ஒரு துப்புரவுப் பெண்ணோ, ஒரு செவிலியோ, ஒரு மருத்துவரோ உங்கள் அறைக்கு வந்து "இது என் தப்பு" என்று சொன்னால், அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று இந்த மேடையிலேயே வாக்குக் கொடுங்கள். தப்பை ஒளிக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் சாகிறார்கள். அப்படிச் சொல்ல வருகிறவர் தனியாக வர வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள், கூட வந்து நிற்கிறேன். இந்த முறை கையெழுத்தும் போடுவேன்.

அவருடைய வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. இந்தப் பன்னிரண்டு நாளும் குழாய் திறந்தது துப்புரவு அக்காதான், அவருக்கு என் நன்றி. ஆனால் அது ஒருவர் தலையில் விழும் சுமையாக இருக்கலாமா? நாளைக் காலை ஆறு மணிக்கு வார்டுக்கு வரப்போவது நான். நாளை மறுநாள் யார்? அதற்கு மறுநாள்? மருத்துவர்களே, உங்களையும்தான் கேட்கிறேன். வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

இன்னும் மேலே. பின்னால் இருப்பவர்கள் எனக்குத் தெரியவில்லை.

போதும், போதும். தூக்கிய கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.